வேலைக்கும் போயிட்டு வீட்டையும் பாத்துட்டு நாவல் எழுதறது எப்படி? அடிக்கடி கேக்கற கேள்விகள்

நாவல் எழுதறேன்னு வெளிய தெரிஞ்சதுல இருந்து ஆபீஸ்ல, பஸ்ல, கல்யாண வீட்டுல, வாட்ஸ்அப்லன்னு எங்க பாத்தாலும் ஒரே மாதிரி கேள்விங்கதான் வருது. தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதனால மொத்தமா எழுதி வெச்சுட்டேன், இனிமே யாரு கேட்டாலும் இதையே அனுப்பிடுவேன். என்னை பத்தி தெரிய வேண்டியது இவ்ளோதான்: வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டியில ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ், வீட்டுல நான், வீட்டுக்காரர், மாமியார், ஸ்கூல் படிக்கற பொண்ணு. ஒரு நாவல் முடிச்சாச்சு, இன்னொன்னு ஓடிட்டு இருக்கு.

இவ்ளோ வேலைக்கு நடுவுல எப்பதான் எழுதறீங்க?

மத்தியானம். சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம் குடுக்கறாங்க, சாப்பிட கால் மணி போதும், மிச்சம் எனக்கு. பாண்டியில இன்னமும் நிறைய பழைய கடைங்க மத்தியானம் ஷட்டர இறக்கிட்டு போயி தூங்கிட்டு சாயங்காலம்தான் திறப்பாங்க, ஊரே கண்ண மூடற நேரம் அது, ஃபோனும் அவ்ளோவா வராது. எழுதறது என் சொந்த ஃபோன்ல, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு வரி கூட அடிக்க மாட்டேன், நீங்களும் அடிக்காதீங்க, நாளைக்கே வேலை மாறினா அந்த ஃபைல் அங்கயே மாட்டிக்கும்.

பஸ்ல எழுதலாமேன்னு சொல்றாங்க. கடலூர்ல இருந்து பாண்டி 20, 25 கிலோமீட்டர்தான், ஆனா டிராஃபிக்க பொறுத்து ஒரு மணி நேரம் கிட்ட இழுத்துடும். திருப்பாப்புலியூர் ஸ்டாண்டுல ஏறினா சீட் கிடைக்கும், மஞ்சக்குப்பத்துல ஏறறவங்களுக்கு அன்னைக்கு அதிர்ஷ்டம் இருக்கணும், ஒரு கைல கம்பிய புடிச்சுகிட்டு இன்னொரு கைல நாவல் அடிக்கறதெல்லாம் நடக்கற காரியம் இல்ல. அதனால பஸ்ல நான் யோசிக்க மட்டும் செய்வேன். தென்பெண்ணை பாலம் தாண்டும்போதே இன்னைக்கு எந்த சீன்னு முடிவு பண்ணிடுவேன், தவளக்குப்பம் அரியாங்குப்பம் வர்றதுக்குள்ள முதல் வரி மனசுல ஓடிட்டு இருக்கும், சில நாள் அந்த ஒரு வரிய மட்டும் ஃபோன்ல தட்டி வெச்சுப்பேன். மத்தியானம் உக்காந்தா அடிக்கற வேலை மட்டும்தான் பாக்கி. 40 நிமிஷத்துல என்னத்த எழுதறதுன்னு கேக்கறவங்க, அந்த 40 நிமிஷத்துல 30 நிமிஷம் என்ன எழுதறதுன்னு யோசிக்கறவங்களா இருப்பாங்க.

காலையில 4 மணிக்கு எழுந்து எழுதினாதான் நாவல் முடியும்னு சொல்றாங்களே?

முடியறவங்க தாராளமா எழுந்துக்கோங்க. எங்க வீட்டுல 4 மணிக்கு லைட் எரிஞ்சுதுன்னா உள் ரூம்ல இருந்து "எழுந்துட்டியாம்மா, அப்படியே ஒரு வாய் காபி போட்டுடேன்"னு குரல் வரும், காபி போட அடுப்படிக்கு போனா ஃப்ரிட்ஜ்ல இருந்து மாவ எடுத்து வெளிய வெக்க ஞாபகம் வரும், அதுக்குள்ள குழாயில தண்ணி வந்துடும், அப்புறம் வாசல் தெளிக்கணும். சீக்கிரம் எழுந்தா சீக்கிரமா வேலைதான் ஆரம்பிக்குது, நாவல் இல்ல.

இந்த விடியக்காலை கதைக்கு எல்லாரும் உதாரணம் காட்டற ஆளு ஆந்தனி ட்ராலப். 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து போஸ்டல் டிபார்ட்மென்ட்ல உத்தியோகம் பாத்துகிட்டே நாவல் எழுதினவரு, மொத்தம் 47 நாவல். காலையில 5:30க்கு மேஜைல உக்காந்துடுவாராம், வாட்ச எதிர்ல வெச்சுகிட்டு 15 நிமிஷத்துக்கு 250 வார்த்தைன்னு கணக்கு வெச்சு எழுதுவாராம். நிஜம்தான், அவரே தன் சுயசரிதையில சொல்லியிருக்காரு. ஆனா அதே சுயசரிதையில இன்னொரு விஷயமும் இருக்கு, அவர எழுப்பி காபி கொண்டு வந்து குடுக்க ஒரு வயசான வேலைக்காரர் இருந்தாரு, அதுக்குன்னே அவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்ட் எக்ஸ்ட்ரா சம்பளம். இந்த பகுதிய யாரும் எடுத்து சொல்ல மாட்டாங்க. நம்ம வீட்டுல அந்த காபிய போடற ஆளே நாமதானே.

நேரத்த பொறுத்தவரைக்கும் ஒண்ணுதான் சொல்லுவேன், உங்களுக்கு தலை தெளிவா இருக்கற நேரம் எதுன்னு ஒரு வாரம் கவனிச்சு பாருங்க. ராத்திரி 10 மணிக்கு பாத்திரம் கழுவி கவுத்துட்டு உக்காந்தா எனக்கு தூக்கம்தான் வரும், எனக்கு தெரிஞ்ச ஒரு டீச்சருக்கு அந்த நேரம்தான் ஓடும். ரெண்டு பேருக்கும் ஒரே டைம்டேபிள் போட முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை எழுதணும்?

300 போதும். கணக்கு போட்டு பாருங்க, வாரத்துக்கு 5 நாள்னா 1,500 வார்த்தை, 50,000 வார்த்தைக்கு 33, 34 வாரம் ஆகும், அதாவது எட்டு மாசம். தமிழ்ல 50,000 வார்த்தைன்னா அச்சுல கிட்டத்தட்ட 200ல இருந்து 250 பக்கம் வரும், நல்ல அளவான நாவல். இங்கிலீஷ்ல சொல்ற 80,000, 1,00,000 கணக்கெல்லாம் அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க நாலு வார்த்தை பிடிக்கற விஷயத்த நாம ஒரே வார்த்தையில ஒட்டி எழுதிடறோம்.

300க்கு மேல வந்தா எழுதுங்க, யாரு வேணாம்னாங்க. ஆனா நேத்து 900 எழுதிட்டேன், அதனால இன்னைக்கும் நாளைக்கும் லீவுன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த லீவு எப்படி வளரும்னு கீழ ஒரு கேள்வியில சொல்லியிருக்கேன்.

நவம்பர் மாசம் 30 நாள்ல நாவல் எழுதற சவால் ஒண்ணு இருக்கே, அதுல சேரலாமா?

நானோரைமோன்னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல 1999ல சின்னதா ஆரம்பிச்சது, 30 நாள்ல 50,000 வார்த்தை, அதாவது தினம் 1,667. அத நடத்தின அமைப்பு 2025ல மூடறோம்னு அறிவிச்சுட்டாங்க, ஆனா அந்த வழக்கம் இன்னும் இருக்கு, தமிழ்லயும் ஆளுங்க செய்யறாங்க. சவால் நல்லதுதான், மாசம்தான் நமக்கு ஒத்து வராது. நம்ம கரையில இருக்கறவங்களுக்கு நவம்பர் டிசம்பர்னா என்னன்னு தனியா சொல்லணுமா? தானே புயல் 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்துது, கரெண்ட் இல்லாம நாள் கணக்குல, கிராமத்து பக்கம் வாரக்கணக்குல கெடந்தாங்க, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட போச்சு. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30, பாண்டியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் டேம் தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூர் பக்கம் வீட்டுக்குள்ள பூந்துது. அந்த நேரத்துல யாராவது 1,667 வார்த்தை எண்ணிட்டு இருப்பாங்களா, அரிசி மூட்டைய பரண்ல ஏத்தவே நேரம் பத்தாது.

அதனால செய்யணும்னா மாசத்த மாத்திக்கோங்க. பொங்கல் முடிஞ்சதுல இருந்து மாசி மகம் வரைக்கும் நல்ல காலம், வெயில் இன்னும் ஏறல. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கற புள்ளைங்க வீட்டுல இருந்தா அதுவும் போச்சு, ஸ்கூல் திறந்தப்புறம் ஜூன் கடைசில ஆரம்பிங்க.

நாவல ஆரம்பிச்சு 60 பக்கம் எழுதினேன், அப்புறம் மூணு மாசமா தொடவே இல்ல. எப்படி திரும்ப உள்ள போறது?

இதுதான் முக்கியமான கேள்வி, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். நேரம் இல்லன்னுதான் எல்லாரும் சொல்றோம், நானும் அப்படித்தான் சொல்லிட்டு திரிவேன், ஆனா நாவல் நின்னு போறது நேரம் இல்லாததால இல்ல. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல விழற இடைவெளிதான் அத கொல்லுது. சிறுகதைய ஒரு வாரம் தலைக்குள்ளயே வெச்சுக்கலாம், ரெண்டு தடவை உக்காந்தா முடிச்சுடலாம். நாவல்ல அப்படி முடியாது, யாருக்கு எத்தனை வயசு, அந்த சண்டை கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா, வீட்டுல கிணறு இருந்துதா இல்லயா, அந்த பொண்ணு எந்த குரல்ல பேசுவா, இதெல்லாம் நாலு நாள் விட்டா மங்க ஆரம்பிக்கும், மூணு மாசம் விட்டா மழைக்காலம் பூரா பூட்டிக் கெடந்த வீட்ட திறக்கற மாதிரிதான், எங்க கால் வெக்கறதுன்னே தெரியாது. உடனே பயம் வரும், பயம் வந்தா நாளைக்கு பாத்துக்கலாம்னு தோணும், இடைவெளி இன்னும் பெருசாகும்.

முதல்ல, மூணு மாசம் கழிச்சு திறக்கும்போது முதல் பக்கத்துல இருந்து படிக்காதீங்க. எல்லாரும் அதத்தான் செய்யறாங்க, படிச்சா முதல் அத்தியாயம் சரியில்லன்னு தோணும், திருத்த உக்காருவீங்க, திருத்தி முடிக்கும்போது ஞாயித்துக்கிழமை முடிஞ்சிருக்கும், அடுத்த வாரமும் முதல் அத்தியாயம்தான். இப்படியே முதல் அத்தியாயம் மட்டும் தங்கமா ஜொலிக்கற, ரெண்டாவது அத்தியாயமே இல்லாத நாவல் நம்ம ஊர்ல எத்தனை பேர் கிட்ட இருக்குன்னு நினைக்கறீங்க. கடைசி ரெண்டு பக்கம் மட்டும் படிங்க. அது கூட கசந்தா அந்த இடத்த விட்டுட்டு, பின்னாடி எங்கயோ வரப்போற ஒரு சீன், உங்களுக்கு ஆசையா இருக்கற சீன், அத எழுதுங்க. நடுவுல இருக்கற பள்ளத்த அப்புறம் ரொப்பிக்கலாம்.

இனிமே இந்த நிலைமை வராம இருக்க ஒரு பழக்கம் சொல்றேன், எனக்கு இது ரொம்ப கை குடுக்குது. எழுதி முடிச்சு ஃபோன மூடறதுக்கு முன்னாடி கீழ ரெண்டு வரி, நாளைக்கு எனக்கே லெட்டர் மாதிரி: "அவ இப்ப டவுன் ஹால் பக்கம் நிக்கறா, பஸ் வரல, அண்ணன பாக்க போறா, ஆனா அவன் கிட்ட பணம் கேக்க மாட்டா." அவ்ளோதான். சீன் முடிஞ்ச இடத்துல நிறுத்தாம பாதி பேச்சுல நிறுத்தினா இன்னும் நல்லது, அடுத்த நாள் அந்த பேச்ச முடிக்க கை தானா போகும். அது தவிர ஒரே ஒரு பக்கத்துக்கு யாரு யாருன்னு ஒரு சீட்டு, பேரு, வயசு, எந்த தெரு, கதை எந்த வருஷம், இப்ப எந்த மாசம். அந்த ஒரு பக்கத்த தாண்டி வளர விடாதீங்க, வளந்தா அதுவே ஒரு வேலையாயிடும்.

எழுதவே முடியாத நாள் வரும், அன்னைக்கு அந்த ரெண்டு வரிய திறந்து படிச்சுட்டு மூடினா கூட போதும்னு நான் சொல்லுவேன். ஒரு வார்த்தையும் ஏறலன்னாலும் கதை தலைக்குள்ள ஆறாம இருக்கும்.

வீட்டுல கிண்டல் பண்றாங்க. "எழுதி என்ன சம்பாதிக்க போற"ன்னு கேக்கறாங்க. என்ன பண்றது?

சம்பாதிக்க போறதில்லன்னு ஒத்துக்கோங்க, பாதி சண்டை அங்கயே முடிஞ்சுடும்.

அடுத்தது, "எனக்கு சப்போர்ட் பண்ணுங்க"ன்னு பொதுவா கேக்காதீங்க, அது யாருக்கும் புரியாது, கேக்கறவங்களுக்கே புரியாது. ஞாயித்துக்கிழமை 3 மணில இருந்து 5 மணி வரைக்கும் இந்த ரூம் கதவு சாத்தியிருக்கும், புளி எந்த டப்பால இருக்குன்னு கேக்க கூட தட்டாதீங்கன்னு சொல்லுங்க. என் வீட்டுக்காரர் முதல்ல தட்டத்தான் தட்டினாரு, புளிக்கே தட்டினாரு. நான் பதில் சொல்லல, அன்னைக்கு தக்காளி ரசம் வெச்சுட்டாங்க. இப்ப புளி எங்க இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

மாமியார் விஷயம் வேற. எங்க அத்தை வாரப் பத்திரிகையில தொடர்கதை படிச்சு வளந்தவங்க, அவங்களுக்கு நாவல்னா மரியாதை உண்டு, மருமக எழுதறதுதான் சந்தேகம். காய் நறுக்கும்போது அந்த வாரம் எழுதினத கதையா சொல்லுவேன். இப்ப புதன் வியாழன் ஆனா "அந்த பொண்ணு அண்ணன பாத்தாளா இல்லயா"ன்னு கேக்கறாங்க, நான் எழுதாத வாரம் அவங்களுக்கு பதில் சொல்ல முடியாம போகுது, அந்த கேள்விக்கு பயந்தே எழுதிடறேன். ஒரே ஒரு எச்சரிக்கை, எழுதி முடிச்சத மட்டும் சொல்லுங்க. எழுதப்போறத வாயால சொல்லி தீத்துட்டா அப்புறம் எழுத ஆசை இருக்காது.

புள்ளைங்க ஹோம்வர்க் எழுதற மேஜைலயே நாமளும் உக்காந்து எழுதலாம், அது ஓரளவு நடக்குது. கணக்கு ஹோம்வர்க் இருக்கற நாள் மட்டும் நடக்காது.

கல்யாணம், காது குத்து, சாவு, திருவிழா இதெல்லாம் வந்தா?

போங்க. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துல சாமிங்க எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிக்கும்போது வீட்டுல உக்காந்து நாவல் எழுதறவங்க என்ன நாவல் எழுதிட முடியும். ஆடி மாசம் வீராம்பட்டினம் தேருக்கும் போங்க. அந்த ரெண்டு வரி குறிப்பு ஃபோன்ல இருந்தா திரும்பி வந்து தொடரலாம். சாவு வீடு மட்டும் வேற, நெருங்கின சாவுன்னா அது முடியற வரைக்கும் நாவல பத்தி யாரும் கேக்கவும் கூடாது, நீங்களும் உங்கள கேட்டுக்க கூடாது.

நோட்டுலயா, ஃபோன்லயா, லேப்டாப்லயா?

எது கையில இருக்கோ அது. ஆனா எங்க எழுதினாலும் கடைசில யூனிகோட்ல, அதாவது எந்த ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் தெரியற எழுத்து முறையில, ஒரு காப்பி இருக்கணும். அச்சகத்துல, டிடிபி போடற இடத்துல இன்னும் பழைய ஃபான்ட் வெச்சிருக்காங்க, அங்க குடுத்து அடிக்க வெச்சீங்கன்னா அந்த ஃபைல நீங்க திறந்து திருத்தவே முடியாது, கட்டம் கட்டமா தெரியும், மாத்தினா ஒற்று எல்லாம் பறந்துடும். கம்ப்யூட்டர்ல அடிக்கறவங்க தமிழ்99 கத்துக்கோங்க, 1999ல அரசாங்கமே ஏத்துகிட்ட கீபோர்டு அது, முதல்ல எரிச்சலா இருக்கும், பழகிட்டா இங்கிலீஷ் எழுத்து வழியா அடிக்கறத விட விரல் வேலை கம்மி.

வாய்ஸ் டைப்பிங் கேக்கறாங்க. வசனத்துக்கு நல்லா வருது, வர்ணனைக்கு சுமார், ஊர் பேரு ஆளு பேரு வந்தா காமெடி. நடந்துகிட்டே பேசி, அப்புறம் திருத்திக்கலாம், ஆனா பஸ்ல பேசாதீங்க, பக்கத்து சீட்டுக்காரங்க உங்க வீட்டு பிரச்சனைன்னு நினைச்சு ஆறுதல் சொல்லுவாங்க.

நோட்டுல எழுதறவங்க வாரா வாரம் ஃபோட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் போட்டுடுங்க. வெள்ளம் வர்ற ஊர்ல இருக்கோம்.

தெரிஞ்சவங்கள வெச்சு எழுதினா கோவிச்சுக்க மாட்டாங்களா?

கோவிச்சுப்பாங்க, ஆனா நீங்க நினைக்கற ஆளு கோவிச்சுக்க மாட்டாங்க. யாரை வெச்சு எழுதினீங்களோ அவங்க படிச்சுட்டு "இப்படியும் மனுஷங்க இருக்காங்க பாரு"ன்னு சொல்லுவாங்க, சம்பந்தமே இல்லாத சித்தி ஒருத்தங்க அது நான்தானேன்னு ஃபோன் போட்டு அழுவாங்க. இதுக்கு மருந்தே கிடையாது.

செய்யக்கூடியது என்னன்னா, ஒரு ஆள ரெண்டா பிரிங்க, இல்ல ரெண்டு பேர ஒண்ணாக்குங்க, வேலைய மாத்துங்க, சிப்காட் கம்பெனில இருக்கறவர நெய்வேலி சுரங்கத்துக்கு அனுப்பிடுங்க. பேச்ச மட்டும் மாத்தாதீங்க, அதுதான் உயிரு. சாயங்கால பஸ்ல கன்னியக்கோயில் முள்ளோடை பக்கம் பாண்டி சரக்க முடிச்சுட்டு ஏறறவங்க பேசறது இருக்கே, எந்த எழுத்தாளராலயும் கற்பனை பண்ண முடியாத வசனம், கண்டக்டரோட நடக்கற அந்த தத்துவ விவாதத்த அன்னைக்கே எழுதி வெச்சுடுங்க, மறுநாள் அர்த்தம் ஞாபகம் இருக்கும், சொன்ன விதம் போயிருக்கும்.

கடலூர் கோட்டைய வெச்சு வரலாற்று நாவல் எழுதலாம்னு இருக்கேன், ஆராய்ச்சியே முடிய மாட்டேங்குது?

முடியாது. வேலைக்கு போறவங்களுக்கு ஆராய்ச்சி ரொம்ப சௌகரியமான இடம், எழுதாமலே எழுதற மாதிரி இருக்கும், வீட்டுலயும் படிக்கறான்னு விட்டுடுவாங்க. விஷயமும் அவ்ளோ ருசியா இருக்கு. தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைய 1690ல இங்கிலீஷ்காரன் மராட்டியர் கிட்ட வாங்கும்போது பீரங்கி குண்டு போய் விழற தூரம் வரைக்கும் நிலமும் சேத்துதான் ஒப்பந்தம், சுத்தி சுத்தி சுட்டு எல்லைய குறிச்சுகிட்டான், குண்டு உப்பலவாடி, குண்டு சாலைன்னு இன்னைக்கும் பேரு இருக்கு. இத படிச்சா இன்னும் நாலு புக்கு தேட தோணும், பாண்டியில 1827ல ஆரம்பிச்ச ரோமன் ரோலண்ட் லைப்ரரி இருக்கு, பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்கு, ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்க போயிட்டே ரிட்டயர் ஆயிடலாம்.

அதனால தெரியாத இடத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டுட்டு தாண்டி போங்க. "அவர் * துணியில அங்கி போட்டிருந்தாரு." துணி எதுன்னு அப்புறம் தேடிக்கலாம். முழு டிராஃப்ட் முடிஞ்சப்புறம் எண்ணி பாருங்க, தேட வேண்டியது நீங்க பயந்த அளவுல கால்வாசி கூட இருக்காது, ஏன்னா பாதி நட்சத்திரம் இருக்கற சீனையே தூக்கியிருப்பீங்க.

ஆனந்தரங்கப் பிள்ளைய பத்தி இங்க சொல்லணும். வியாபாரம், கப்பல் சரக்கு, பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸுக்கு துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வேலை, குடும்பம், எதிரிங்க, இவ்ளோத்துக்கும் நடுவுல 1736ல இருந்து 1761 வரைக்கும் டைரி எழுதியிருக்காரு. மனுஷன் ஆராய்ச்சி எதுவும் பண்ணல, அன்னைக்கு எந்த கப்பல் வந்துது, யாரு யாரை பத்தி கவர்னர் கிட்ட கோள் சொன்னாங்க, மழை பெஞ்சுதா, அத எழுதினாரு. அவரு வீடு பாண்டியில பெரிய மார்க்கெட் பக்கத்துல அவரு பேர்ல இருக்கற தெருவுலயே இன்னும் நிக்குது. பின்னாடி பிரபஞ்சன் மாதிரி பாண்டி எழுத்தாளருங்க நாவல் எழுத அந்த டைரிதான் ஆதாரமா இருந்துது. உங்களுக்கு நாவலுக்கே நேரம் இல்லாத வருஷம் வந்தா டைரியாவது எழுதுங்க.

இங்க உக்காந்து எழுதினா யாரு கண்டுப்பாங்க, சென்னைக்கு போகணுமா?

புதுமைப்பித்தன் பொறந்தது திருப்பாப்புலியூர், 1906. ஜெயகாந்தன் மஞ்சக்குப்பம், 1934. ரெண்டு பேருமே சென்னைக்கு போனவங்கதான், அன்னைக்கு பத்திரிகை, பிரஸ் எல்லாம் அங்க இருந்துது. இப்ப ஃபைல் மெயில்ல போகுது, நீங்க எதுக்கு போகணும், வாடகை குடுக்கவா? கி.ரா.ன்னு சொல்ற எழுத்தாளர் கி.ராஜநாராயணன் கரிசக்காட்டுக்காரரு, 1980கள் கடைசில பாண்டி யூனிவர்சிட்டிக்கு வந்தாரு, 2021ல சாகற வரைக்கும் இங்கதான் இருந்தாரு, இங்க உக்காந்துகிட்டு கரிசல் மண்ண எழுதினாரு. உக்கார்ற இடமும் எழுதற இடமும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

வேலைய விட்டுட்டு முழு நேரமா எழுதலாம்னு இருக்கேன்.

வேணாம். 300 ரூபா விலை போட்ட புக்கு 500 காப்பி வித்து, பத்து பர்சன்ட் ராயல்டி ஒழுங்கா வந்துதுன்னு வெச்சுக்கோங்க, 15,000 ரூபா. அந்த 500 விக்க ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கூட ஆகும். இத வெச்சு கேஸ் சிலிண்டர் மட்டும் வாங்கலாம். அதுவும் தவிர, வேலை இருக்கறவங்களுக்கு 40 நிமிஷம்தான் இருக்கு, அதனால உக்காந்து எழுதிடறாங்க, நாள் முழுக்க இருக்கறவங்க சாயங்காலம் எழுதிக்கலாம்னு இருக்கறத நானே பாத்திருக்கேன். லீவு சேத்து வெச்சு, கடைசி அத்தியாயங்களுக்கு மட்டும் ஒரு வாரம் எடுங்க, முடிவு எழுதும்போது விட்டு விட்டு எழுதினா உடைஞ்சு தெரியும்.

முடிச்சுட்டேன், அடுத்து?

ஒரு மாசம் தொடாதீங்க. அப்புறம் ப்ரின்ட் எடுத்து ஒரே மூச்சுல படிங்க. நாவல் படிக்கற பழக்கம் இருக்கற ஒருத்தர் கிட்ட குடுங்க, எழுதறவங்கதான் வேணும்னு இல்ல. சென்னை புத்தகக் காட்சி ஜனவரியில வரும், அதுக்கு புக்கு வரணும்னு பதிப்பகத்துல எல்லாம் கடைசி நேரத்துல ஓடுவாங்க, அந்த அவசரத்துல உங்க நாவல யாரும் பொறுமையா படிக்க மாட்டாங்க, வருஷ நடுவுல அனுப்புங்க. நம்ம மாவட்டத்துல ஜூலை வாக்குல நெய்வேலி புத்தகக் காட்சி நடக்கும், பதிப்பகத்துக்காரங்க ஸ்டால்லயே உக்காந்திருப்பாங்க, நேர்ல பேச அது நல்ல இடம். சொந்தமா போடறவங்களுக்கு ஒண்ணு, ஐஎஸ்பிஎன், அதாவது புக்குக்கு போடற அடையாள நம்பர், இந்தியாவுல அரசாங்கம் இலவசமா குடுக்குது, அதுக்கு காசு கேக்கறவங்க கிட்ட இருந்து ஓடிடுங்க.

பாதியில வெறுத்துப் போச்சு. விட்டுடலாமா?

எங்க வெறுத்துச்சுன்னு பாருங்க. 15,000, 20,000 வார்த்தை கிட்டன்னா அது எல்லாருக்கும் வர்றது, ஆரம்ப ஆசை தீந்துடுச்சு, முடிவு கண்ணுக்கே தெரியல, அந்த இடத்துல விடாதீங்க, மேல சொன்ன மாதிரி ஆசையா இருக்கற சீனுக்கு தாவி போங்க. அந்த மாதிரி ஒரு சீன் கூட மிச்சம் இல்லன்னா, எழுத வேண்டிய ஒவ்வொண்ணும் கடமையா தெரிஞ்சா, விட்டுடலாம், தப்பே இல்ல, குடும்பம் நடத்திகிட்டு ஒரு செத்த நாவலையும் தூக்கிட்டு அலைய முடியாது. ஃபைல அழிக்க மட்டும் அழிக்காதீங்க, வேற ஃபோல்டர்ல போடுங்க. என் ரெண்டாவது நாவல்ல வர்ற படகு ரிப்பேர் பண்ற பெரியவரு அப்படி ஒரு ஃபோல்டர்ல இருந்து வந்தவருதான், அந்த பழைய கதையில அவருக்கு ஒரே ஒரு சீன், இதுல அவர நகத்தவே முடியல, அத்தை வேற அவரு பக்கம் சேந்துட்டாங்க.